கம்பளியும் கறிவேப்பிலையும்: வாசகர் கேள்வி-பதில்

ஜனவரி வந்துவிட்டால் தில்லித் தமிழ் வீடுகளில் இரண்டு காரியங்கள் தவறாமல் நடக்கும். இட்லி மாவு பொங்காது. கறிவேப்பிலைச் செடி இலையைக் கொட்டும். இம்முறை வந்த கடிதங்களில் பாதி இந்த இரண்டைப் பற்றியவைதான். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன், மற்றவர்கள் கோபிக்க வேண்டாம். 'பெயரைப் போட்டுவிடாதீர்கள், என் மாமியாரும் இந்தப் பத்திரிகையைப் படிப்பார்' என்று நான்கு பேர் எழுதியிருக்கிறார்கள். ஆகவே யார் பெயரும் போடவில்லை. பேட்டையை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, அக்டோபரில்தான் மதுரையிலிருந்து தில்லிக்கு வந்தோம். தீபாவளி வரை மாவு நன்றாகவே பொங்கியது. இப்போது மூன்று நாள் வைத்தாலும் அரைத்த அன்று இருந்தது போலவே கிடக்கிறது. போர்வையால் நன்றாகச் சுற்றியும் வைத்துப் பார்த்துவிட்டேன். பேசாமல் பாக்கெட் மாவு வாங்கிவிடு என்கிறார் கணவர். எனக்கு மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?
(வாசகி, துவாரகா)

பதில்: மனம் வராதது நல்ல அறிகுறி. கணவரை இரண்டு வாரம் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மாவைப் பொங்க வைப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரிகள். 27 முதல் 32 டிகிரி வரை சூடு இருந்தால் அவை ஓடியாடி வேலை செய்யும். மதுரையில் வருடம் முழுவதும் இந்தச் சூடு சமையலறையிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. இங்கே ஜனவரி இரவில் சமையலறை 12 டிகிரிக்கு இறங்கிவிடும். 2021 ஜனவரி 1 அன்று சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 1.1 டிகிரி பதிவானது. அந்தக் குளிரில் நாமே ரஜாய் என்னும் பஞ்சுப் போர்வையை விட்டு வெளியே வருவதில்லை, அந்தச் சின்ன உயிர்கள் எப்படி வேலை செய்யும்? அவை சாகவில்லை, தூங்குகின்றன.

நீங்கள் போர்வையால் சுற்றியதில்தான் சிக்கல். கம்பளி சூட்டை உண்டாக்காது. உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடாமல் காக்கும், அவ்வளவுதான். சில்லென்ற மாவைச் சுற்றினால் அந்தச் சில்லிப்பை அக்கறையாகக் காத்துக்கொண்டிருக்கும். முதலில் மாவு வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். அதன் பிறகுதான் போர்வை.

உளுந்தையும் அரிசியையும் ஊறவைக்கும் போதே வெந்நீர் கலந்த தண்ணீரில் ஊறவையுங்கள். ஒரு தேக்கரண்டி வெந்தயத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வெயில் காலத்தில் மாவு சூடேறாமல் இருக்கக் குளிர்ந்த நீர் தெளித்து அரைப்போமே, இப்போது அதற்கு நேர்மாறாக இளஞ்சூட்டு நீர் தெளித்து அரைக்க வேண்டும். உப்பைப் பொங்கிய பிறகு போடுங்கள். உப்பு பொங்குவதைச் சற்று மந்தப்படுத்தும். கோடையில் அது உதவி, இப்போது உபத்திரவம். கரண்டியால் கலக்காமல் கையால் கலக்குங்கள்.

பிறகு பெரிய குக்கரில் இரண்டு விரற்கடை உயரத்துக்குக் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி, அதற்குள் மாவுப் பாத்திரத்தை இறக்கி, வெயிட் போடாமல் மூடி, அதன் மேல் உங்கள் போர்வையைச் சுற்றுங்கள். படுக்கப் போகும் முன் ஒரு முறை நீரை மாற்றினால் காலையில் மாவு எழுந்துவிடும். மைக்ரோவேவ் இருந்தால் இன்னும் சுலபம். ஒரு பெரிய குவளையில் கொதித்த நீரை ஊற்றி, மாவுப் பாத்திரத்தோடு உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிடுங்கள். அடுப்பை இயக்க வேண்டாம், அது வெறும் அலமாரி.

'ஓவனுக்குள் விளக்கை எரியவிட்டு வை' என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அந்த யோசனை குண்டு பல்பு காலத்தது. குண்டு பல்பு வெளிச்சத்தை விடச் சூட்டைத்தான் அதிகம் தந்தது. இப்போதைய எல்.இ.டி. விளக்கின் கீழ் மாவை வைத்தால் அது வெளிச்சத்தில் தூங்கும். சாதம் வைக்கும் மின்சாரக் குக்கரில் 'சூடாக வை' பொத்தானை அழுத்தி வைக்கலாமா என்று வேறொரு வாசகி கேட்டிருக்கிறார். கூடாது. அந்தச் சூட்டில் மாவின் ஓரம் வெந்துவிடும்.

இதையெல்லாம் இவ்வளவு அதிகாரமாகச் சொல்கிறேனே, நான் கற்றுக்கொண்ட விதத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்துகொண்டிருந்த 1982 நவம்பரில் புதுப்பெண்ணாக இந்த ஊருக்கு வந்தேன். அந்த டிசம்பரில் மாவுப் பாத்திரத்தைக் கட்டிலில் வைத்து, ரஜாயால் நன்றாக மூடி, குழந்தையைத் தூங்க வைத்தது போலத் தட்டிக்கொடுத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். கணவர் அலுவலகத்திலிருந்து வந்தவர் விளக்கைக்கூடப் போடாமல், அலுப்போடு கட்டிலில் தொப்பென்று விழுந்தார். அன்று மாவு நன்றாகவே பொங்கியிருந்தது என்பதுதான் என் வயிற்றெரிச்சல். பஞ்சு அடைத்த ரஜாயைத் துவைக்க முடியாது தெரியுமா? உறையைப் பிரித்து, பஞ்சை வெயிலில் உலர்த்தி, தெருவில் வில்லை மீட்டிக்கொண்டு வரும் பஞ்சு கொட்டுபவரிடம் கொடுத்துத் திரும்ப அடித்து வாங்கினோம். என்ன செய்தும் ஹோலி வரை அதில் ஒரு புளித்த வாசனை இருந்தது. 'தினமும் தோசைக்குள் படுக்கிறேன்' என்று அவர் ஊருக்குக் கடிதமே எழுதிவிட்டார்.

தயிர் உறையவில்லை என்று கேட்ட லட்சுமிபாய் நகர் வாசகிக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. பாலின் சூடு 40 முதல் 45 டிகிரி, அதாவது சுண்டுவிரலை விட்டால் சுடாமல் இதமாக இருக்க வேண்டும். உறை மோர் ஒரு பங்கு கூடுதல். பிறகு சுற்றிவையுங்கள். கட்டிலில் மட்டும் வேண்டாம்.

கேள்வி: பேரனுக்காக இரண்டு மாதம் உட்கார்ந்து நீல நிறத்தில் ஸ்வெட்டர் பின்னினேன். மருமகள் அதை மற்றத் துணிகளோடு இயந்திரத்தில் வெந்நீரில் போட்டுவிட்டாள். நான்கு வயதுப் பிள்ளையின் ஸ்வெட்டர் பொம்மைக்குத்தான் சரியாக இருக்கும் போல ஆகிவிட்டது. தொட்டால் அட்டை மாதிரி இருக்கிறது. இழுத்து விரிக்க வழி உண்டா? அவளிடம் பத்து நாளாக நான் பேசவில்லை.
(வாசகி, மயூர் விஹார்)

பதில்: முதலில் ஸ்வெட்டர். அசல் ஆட்டு ரோம இழையை உருப்பெருக்கியில் பார்த்தால் மீன் செதில் போல அடுக்கடுக்காக இருக்கும். வெந்நீரும் சோப்பும் புரட்டலும் சேர்ந்தால் அந்தச் செதில்கள் ஒன்றோடொன்று கொக்கி மாட்டிக்கொள்கின்றன. மாட்டியதைப் பிரிக்க முடியாது. லேசாகச் சுருங்கியிருந்தால், தலைக்குத் தேய்க்கும் கண்டிஷனரைக் குளிர்ந்த நீரில் கலந்து அரை மணி ஊறவைத்து, மெதுவாக இழுத்து, துண்டின் மேல் பரப்பிக் குண்டூசி குத்திக் காயவைத்தால் ஓரளவு மீளும். 'அட்டை மாதிரி' என்று நீங்கள் எழுதியிருப்பதால் அந்தக் கட்டம் தாண்டிவிட்டது.

ஆனால் அது வீணாகப் போகவில்லை. இப்படி இறுகிய கம்பளியைக் கத்தரித்தால் இழை பிரியாது. முதுகுப் பகுதியை இரண்டு சதுரமாக வெட்டுங்கள். சூடான தோசைக்கல்லைப் பிடிக்க அதைப் போன்ற கைப்பிடித் துணி கடையில் கிடைக்காது. கம்பளி சட்டென்று தீப்பிடிக்காது. கைப் பகுதியைச் சிறுவனின் தண்ணீர் பாட்டிலுக்கு உறையாக மாட்டலாம். என் வீட்டில் இப்படிப் பிறந்த கைப்பிடித் துணி ஒன்று பதினைந்து வருடமாக உழைக்கிறது. அந்த ஸ்வெட்டரை இயந்திரத்தில் போட்டவள் நானேதான். மருமகள்கள் மட்டும்தான் இதைச் செய்வார்கள் என்று நினைக்காதீர்கள்.

அடுத்த முறை வாங்கும்போது, உருண்டையிலிருந்து ஒரு விரல் நீள இழையைக் கத்தரித்து, இடுக்கியால் பிடித்துத் தீயில் காட்டுங்கள். அசல் கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பலை விரலால் நசுக்கலாம். அக்ரிலிக் என்றால் உருகிக் கடினமான மணியாக நிற்கும். கடைத்தெருவில் விலை மலிவாக, பளபளப்பாகக் கிடைக்கும் உருண்டைகள் பெரும்பாலும் அக்ரிலிக் அல்லது கலப்பு. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு நான் அதைத்தான் பின்னுவேன். சட்னி கொட்டும், சேறு படும், இயந்திரத்தில் போட்டாலும் சுருங்காது. கம்பளி உசத்தி என்ற பெருமைக்காக இரண்டு மாத உழைப்பை அடமானம் வைக்கக் கூடாது.

பத்து நாள் மௌனத்தைப் பற்றி நீங்கள் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அந்த ஸ்வெட்டரைத் தனியாகத் துவைக்க வேண்டும் என்று மருமகளிடம் எப்போதாவது சொன்னீர்களா என்று திருப்பிக் கேட்டிருப்பேன்.

கேள்வி: எங்கள் வீடு மலை மந்திர் அருகே, இரண்டாவது மாடி. வடக்குப் பார்த்த பால்கனி. தொட்டியில் இருக்கும் கறிவேப்பிலைச் செடி மூன்று வருடமாக ஒவ்வொரு குளிர் காலத்திலும் மஞ்சளாகி மொட்டையாகிவிடுகிறது. புளித்த மோர் ஊற்றினேன், கடலைப் பிண்ணாக்கு போட்டேன், தினமும் தண்ணீரும் ஊற்றுகிறேன். துளசியும் கருகிவிட்டது. மனம் கஷ்டமாக இருக்கிறது.
(வாசகி, ராமகிருஷ்ணபுரம்)

பதில்: உங்கள் செடி குளிரால் வாடவில்லை, உங்கள் பாசத்தால் வாடுகிறது.

தில்லிக் குளிரில் கறிவேப்பிலை உறங்கப் போகும். வளர்ச்சி நின்றுவிடும், இலை உதிரும், குச்சி மட்டும் நிற்கும். உறங்குபவரை எழுப்பி வாயில் சோற்றைத் திணிப்போமா? டிசம்பர் தொடக்கத்திலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை மோர், பிண்ணாக்கு, எரு எதுவும் வேண்டாம். வேர் வேலை செய்யாத நேரத்தில் ஊற்றும் தண்ணீர் தேங்கி வேரை அழுகச் செய்யும். மண்ணின் மேல்பரப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். பனியில் மேலே காய்ந்தது போலத் தெரியும், உள்ளே சேறாக இருக்கும். நான் ஸ்வெட்டர் பின்னும் உலோக ஊசி ஒன்றை மண்ணில் ஒரு சாண் இறக்கி வெளியே எடுப்பேன். ஊசியில் மண் ஒட்டிக்கொண்டு வந்தால் அன்று தண்ணீர் கிடையாது. இந்த மாதத்தில் பத்து நாளைக்கு ஒரு முறைதான் ஊற்றும்படி ஆகிறது.

இரண்டாவது கோளாறு பால்கனியின் திசை. டிசம்பர் 21-ஐ ஒட்டிய நாட்களில் நண்பகல் சூரியன் மதுரையில் சுமார் 57 பாகை உயரத்தில் இருக்கும். தில்லியில் 38 பாகைதான், அதுவும் தெற்கே சாய்ந்து. உங்கள் வடக்குப் பால்கனிக்கு நவம்பர் முதல் ஜனவரி வரை நேர் வெயில் ஒரு துளிகூட வராது. தொட்டியைத் தெற்குப் பக்க ஜன்னல் திண்ணைக்கோ மொட்டை மாடிக்கோ கொண்டுபோங்கள். கீழ்வீட்டில் தெற்குப் பால்கனி இருந்தால் இரண்டு மாதம் 'பேயிங் கெஸ்ட்' ஆக விட்டுவிடுங்கள். வாடகையாக மார்ச்சில் கறிவேப்பிலை கொடுத்தால் போயிற்று.

மாசி பிறந்து வெயில் உறைக்கத் தொடங்கியதும் குச்சிகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுங்கள். வெட்டிய இடத்துக்குக் கீழே இரண்டு மூன்று கிளையாகத் துளிர்க்கும். உங்கள் மோரையும் பிண்ணாக்கையும் அப்போது எடுத்துவாருங்கள், செடி கைநீட்டி வாங்கிக்கொள்ளும்.

துளசிக்காக வருந்த வேண்டாம். இந்த ஊர்க் குளிரைத் திறந்த வெளியில் அது தாங்குவது அபூர்வம். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள் மார்கழி பிறந்ததும் துளசிக்குச் சிவப்புத் துப்பட்டா ஒன்றைப் போர்த்துவார். வெறும் பக்தி என்று முதலில் நினைத்தேன். இரவில் பனி நேராக இலையில் இறங்காமல் அந்தத் துணி தடுக்கிறது என்பதைத் துப்பட்டா போடாத என் துளசி கருகிய பிறகுதான் புரிந்துகொண்டேன். காய்ந்த கதிர்களை உதிர்த்து விதையைக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டு மார்ச்சில் தூவுங்கள். ஒரு துளசி போன இடத்தில் நாற்பது முளைக்கும். பிறகு யாருக்குக் கொடுப்பது என்று எனக்குக் கடிதம் எழுதுவீர்கள்.

கேள்வி: சாம்பாரில் உப்பு கூடிவிட்டால் உருளைக்கிழங்கைப் போட்டால் உறிஞ்சிவிடும் என்கிறார்களே, உண்மையா?
(வாசகர், லோதி காலனி)

பதில்: உருளைக்கிழங்குக்கு உப்பை மட்டும் தேடிப் பிடிக்கும் சாமர்த்தியம் இல்லை. அது உறிஞ்சுவது குழம்பை. மிஞ்சிய குழம்பு அதே உப்போடு இருக்கும், உங்களுக்கு உப்புக் கிழங்கும் சேர்ந்து கிடைக்கும். உப்பில்லாத வெந்த பருப்பு ஒரு கரண்டி, கொஞ்சம் புளித்தண்ணீர், வெந்நீர் சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். சாம்பார் இரண்டு நாளைக்கு வரும், அதுதான் தண்டனை. ஆண் வாசகர் ஒருவர் சாம்பாரைப் பற்றிக் கேட்டிருப்பது இந்தப் பகுதியில் இது மூன்றாவது முறை, மகிழ்ச்சி.

கேள்வி: வெள்ளை ஸ்வெட்டரில் சாம்பார் கொட்டிவிட்டது. உடனே சோப்பு போட்டேன். மஞ்சள் கறை இரத்தச் சிவப்பாக மாறிவிட்டது! பயந்துபோய் அப்படியே வைத்திருக்கிறேன்.
(வாசகி, கரோல் பாக்)

பதில்: பயப்பட ஒன்றுமில்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் ஆரத்தித் தண்ணீர் சிவக்கிறதே, அதே சங்கதிதான் உங்கள் ஸ்வெட்டரில் நடந்திருக்கிறது. சோப்பிலுள்ள காரம் சுண்ணாம்பின் வேலையைச் செய்திருக்கிறது. நன்றாக அலசிவிட்டு, ஒரு குவளை நீரில் இரண்டு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு கலந்து கறையின் மேல் ஊற்றுங்கள், சிவப்பு மறுபடி மஞ்சளாகும். அந்த மஞ்சளை எடுக்கச் சூரியன் போதும். மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் நிற்காது. ஈரத்தோடு கறைப் பக்கம் மேலே தெரியும்படி வெயிலில் பரப்புங்கள். இந்தப் பனிமூட்டத்தில் நான்கு நாள் பிடிக்கலாம், விட்டுவிடாதீர்கள். கம்பளியில் பிளீச்சிங் திரவத்தை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். கறையோடு ஸ்வெட்டரும் போய்விடும்.

கேள்வி: எனக்குப் பதினாறு வயது. பாட்டி பின்னுவதைப் பார்த்து எனக்கும் ஆசையாக இருக்கிறது. கேட்டால் 'ஆம்பளைப் பிள்ளைக்கு இது எதற்கு' என்கிறார். நண்பர்களுக்குத் தெரிந்தால் கேலி செய்வார்கள். எங்கே தொடங்குவது?
(மாணவர், ஜனக்புரி)

பதில்: தம்பி, பெரு நாட்டில் டிடிகாகா ஏரிக்குள் தாகிலே என்று ஒரு தீவு இருக்கிறது. அங்கே ஊசி பிடித்துப் பின்னுவது ஆண்களின் வேலை. பையன்கள் சிறுவயதிலேயே கற்றுக்கொள்கிறார்கள். அந்தத் தீவின் நெசவுக் கலையை 2005-இல் யுனெஸ்கோ மனித குலத்தின் பாரம்பரியச் செல்வம் என்று அறிவித்தது. இதைப் பாட்டியிடம் சொல். நண்பர்களிடம் சொல்லத் தேவையில்லை. மப்ளர் பின்னி முடித்ததும் அவர்களே 'எனக்கும் ஒன்று' என்பார்கள்.

ஊசி வாங்கும்போது ஒரு குழப்பம் வரும். நம் கடைகளில் இன்னும் பழைய பிரிட்டிஷ் எண்தான் புழங்குகிறது. அதில் எண் ஏற ஏற ஊசி மெலியும். எட்டாம் எண் என்றால் 4 மில்லிமீட்டர், பத்தாம் எண் 3.25 மில்லிமீட்டர். எட்டாம் எண் ஊசி ஒரு ஜோடி, சற்றுத் தடித்த நூல் 200 கிராம் வாங்கிக்கொள். கறுப்பு வேண்டாம், கண்ணி தெரியாது. 36 கண்ணி ஏற்றி, எல்லா வரிசையையும் நேர்க் கண்ணியாகவே பின்னிக்கொண்டு போ. ஒரு வரிசை நேர், ஒரு வரிசை மறு என்று பின்னினால் வழவழப்பாக அழகாகத்தான் இருக்கும், ஆனால் ஓரம் அப்பளம் பொரிந்தது போலச் சுருண்டுகொள்ளும். எல்லாம் நேராகப் பின்னினால் மப்ளர் தட்டையாகக் கிடக்கும்.

முதல் வாரம் கண்ணி நழுவும். ஊசியைக் கீழே வைத்துவிட்டு, குரோஷா ஊசியால் நழுவிய கண்ணியைப் பிடித்து ஏணிப்படி ஏறுவது போல ஒவ்வோர் இழையாக மேலே கொண்டுவா. அந்த வித்தையைப் பாட்டியிடம் செய்துகாட்டச் சொல். காட்டும்போது தன்னை அறியாமல் முழுப் பாடத்தையும் நடத்திவிடுவார்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அலுவலகத்தில் பக்கத்து மேசைச் சர்தார்னி. குளிர் காலத்தில் மதிய இடைவேளையில் புல்வெளியில் உட்கார்ந்து பின்னிக்கொண்டே, 'ஏக் சீதா, ஏக் உல்டா' என்பார். நேர்க் கண்ணி சீதா, மறு கண்ணி உல்டா. எனக்கு அப்போது இந்தி அரைகுறை. இந்தச் சீதா யார், ஏன் ஒவ்வொரு வரிசைக்கும் வருகிறாள் என்று ஒரு வாரம் யோசித்திருக்கிறேன்.

கேள்வி: கொத்தமல்லி விதை போட்டு ஒரு மாதமாகிறது, ஒன்றுகூட முளைக்கவில்லை. தொட்டியில் புறா முட்டையிட்டுவிட்டது.
(வாசகி, சரோஜினி நகர்)

பதில்: தொட்டியில் ஏதோ ஒன்று விளைந்திருக்கிறதே! குஞ்சு பறக்கும் வரை அந்தத் தொட்டி புறாவுக்கு. பிறகு எச்சத்தை உலர்ந்தபடி பெருக்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. நீர் தெளித்து நனைத்து, முகத்தை மூடிக்கொண்டு வாருங்கள். அடுத்த தொட்டிக்கு வலை கட்டுங்கள்.

தனியா ஒன்றுக்குள் இரண்டு விதைகள். சப்பாத்திக் கட்டையால் லேசாக உருட்டி இரண்டாகப் பிளந்து, ஓர் இரவு ஊறவைத்து விதையுங்கள். அப்படியும் இரண்டு வாரம் ஆகும். ஜனவரிக் குளிரில் இன்னும் தாமதமாகும். அக்டோபரில் விதைத்திருந்தால் இப்போது துவையல் அரைத்திருக்கலாம்.

கேள்வி: குக்கரில் இட்லி வைத்தால் அடிப்பகுதி உட்புறம் கறுத்துவிடுகிறது. எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை.
(வாசகி, முனிர்க்கா)

பதில்: அலுமினியக் குக்கர்தானே? தில்லியின் உப்புத் தண்ணீர் செய்யும் வேலை அது. தண்ணீரோடு சாறு பிழிந்த புளிச்சக்கையோ எலுமிச்சைத் தோலோ ஒரு துண்டு போட்டுவிடுங்கள், கறுக்காது. ஏற்கெனவே கறுத்ததற்கும் அதே மருந்தைப் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். கைவலி மிச்சம்.

கேள்வி: போன வருடம் இதே பகுதியில், கணவருக்காக மரூன் நிற ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தீர்கள். முடித்துவிட்டீர்களா? தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், எங்கள் வீட்டில் பந்தயம் கட்டியிருக்கிறோம்.
(வாசகி, வசுந்தரா என்கிளேவ்)

பதில்: யார் எந்தப் பக்கம் கட்டினீர்கள் என்று எழுதவில்லையே.

மத்திய அரசு அலுவலகங்களுக்கு வாரம் ஐந்து நாள் வேலை என்று 1985-இல் ஆனது. திடீரென்று கையில் ஒரு சனிக்கிழமை கிடைத்த குஷியில் அந்தக் குளிர் காலமே அந்த ஸ்வெட்டரைத் தொடங்கினேன். முதுகும் மார்பும் முடிந்து ஒரு கையில் பாதி வந்தபோது நூல் தீர்ந்துவிட்டது. கடைக்காரர் 'அதே நிறம்தான் அம்மா' என்று கொடுத்தார். விளக்கு வெளிச்சத்தில் அதே நிறம்தான். மறுநாள் வெயிலில் பார்த்தால் முழங்கைக்குக் கீழே வேறு ஆளுடைய கை போலிருந்தது. உருண்டையின் காகிதப் பட்டையில் சாய எண் என்று ஒன்று அச்சிட்டிருப்பார்கள். ஒரே தொட்டியில் சாயம் போட்ட நூலுக்குத்தான் ஒரே எண். தொடங்கும்போதே ஓர் உருண்டை அதிகமாக, அதே எண்ணில் வாங்க வேண்டும் என்று அன்றுதான் தெரிந்தது. பிரித்துவிட்டேன்.

இரண்டாவது முறை எல்லாம் முடிந்தது. போட்டுப் பார்க்கச் சொன்னால் தலை நுழையவில்லை. கழுத்துக் கண்ணிகளை முடிக்கும்போது இறுக்கி முடித்திருக்கிறேன். அவர் இரு கையும் மேலே தூக்கியபடி, முகம் ஸ்வெட்டருக்குள் சிக்கி, 'மூச்சு முட்டுகிறது' என்று கத்திக்கொண்டு கூடத்தில் ஒரு சுற்று வந்தார். முடிக்கும் வரிசைக்கு மட்டும் இரண்டு அளவு தடித்த ஊசியை எடுத்திருந்தால் போதும். பிரித்தேன்.

மூன்றாவது முறைக்கு ஊசி மேல் பழி இல்லை. நான் பாதி பின்னுவதற்குள் அவர் ஓய்வு பெற்று, அளவு மாறிவிட்டார்.

இது நான்காவது முறை. பிரித்த நூல் சுருள்சுருளாக நூடுல்ஸ் போல இருக்கும், அப்படியே பின்னினால் கண்ணி சீராக விழாது. நாற்காலி முதுகில் சுற்றி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் முக்கி, கீழே ஒரு கரண்டியைக் கட்டித் தொங்கவிட்டுக் காயவைத்தேன். புது நூல் போல நேராகிவிட்டது. முதுகு, மார்பு, இரண்டு கை எல்லாம் தயார். கழுத்துப் பட்டை மட்டும்தான் பாக்கி. அதை உடம்புக்குப் பின்னிய எட்டாம் எண்ணால் பின்னினால் தொளதொளவென்று தொங்கும், பத்தாம் எண் ஊசி வேண்டும். ஒரு வாரமாக வீடு முழுவதும் தேடுகிறேன். ஜோடியில் ஒன்று இருக்கிறது, மற்றொன்றைக் காணவில்லை. இந்த மாதப் பதில்களை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான், ராமகிருஷ்ணபுரம் வாசகிக்கு எழுதியதைத் திரும்பப் படித்தேன். கறிவேப்பிலைத் தொட்டியில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.